ஐந்தரை பவுண்டு

மார்னி ட்வெட் கதவைத் திறந்ததும்
அவளுக்கு முன்னால் பனிக்காற்று கடைக்குள் வந்தது.
போக்கடெல்லோவில் பிப்ரவரி அப்படித்தான்,
எதையும் தானே முதலில் வந்து பார்க்கும்.

இடுப்புப்பட்டையின் உட்புறத்திலிருந்து
உள்ளங்கைக்கு அடங்கும் பிஸ்டலை எடுத்தாள்,
காலி செய்தாள், காலி என்று காட்டினாள்,
என் பச்சை விரிப்பின் மேல் வைத்தாள்.
"இழுத்துப் பாருங்க ஆர்கட்,
மணல் விழுந்த இழுப்பறை மாதிரி இருக்கு."

கோர்ட்டுத் தாள்களை வீடு வீடாகக் கொடுப்பது அவள் வேலை.
விவாகரத்து, கடன் பாக்கி, வீட்டைக் காலி செய்:
யாரும் வாசலில் நின்று எதிர்பார்க்காத தபால்.
ஒரு முறை நாய். ஒரு முறை இரும்புக் கம்பி.
உருவியதுண்டா என்று நான் யாரையும் கேட்பதில்லை.
பொய் சொல்வார்கள்.
சொல்லாவிட்டால் இன்னும் மோசம்.

இழுத்தேன்.
முதலில் கொஞ்சம் வெற்று நடை.
பிறகு, சோற்றில் கடிபடும் கல் போல
ஒரு நெருடல்.
அதைத் தாண்டித்தான் உடைவு.
தராசில் மாட்டினேன்: ஐந்தரை பவுண்டு.

எல்லோரும் எடையைச் சொல்லிக்கொண்டுதான் வருவார்கள்.
விரலை வதைப்பது பெரும்பாலும் சுரசுரப்பு.
விசைத்தண்டைக் கழற்றி
உரசும் இடத்தை மட்டும் தேய்த்தேன்,
என் மூக்கு அதில் தெரியும்வரை.
கொக்கி பிடிக்கும் விளிம்பைத் தொடவில்லை;
அவள் தொடை நலமாய் இருப்பது அந்த விளிம்பால்.

ஸ்பிரிங்கில்தான் ஆசைப்பட்டுவிட்டேன்.
இலேசானதை மாட்டினால் நாலே கால்.
நீரில் விரல் விட்டாற்போல் இருந்தது.
மண்மேட்டுக்குப் போய் இருநூறு சுட்டேன்.
நூற்றெண்பத்தேழாவது,
டிக்.
தோட்டாவின் முதுகில் ஆழமில்லாத குழி,
மனமில்லாமல் வைத்த கைநாட்டு.

இருநூறில் ஒன்று.
பள்ளிக்கூடத்தில் என்றால் முதல் ரேங்க்.

பழைய ஸ்பிரிங்கையே திருப்பி மாட்டினேன்.
மறுபடி இருநூறு. மறுநாள் ஐம்பது,
அவள் சுமக்கும் விலை கூடின தோட்டா, என் செலவில்.
ஒன்றும் தவறவில்லை.
ஐந்துக்குச் சற்று மேல். வழியில் கல் இல்லை.

இழுத்துப் பார்த்தாள். இன்னொரு முறை இழுத்தாள்.
முகம் மலரும் என்று காத்திருந்தேன்.
பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனாள்.

பதினோராம் நாள் வந்தாள்.
"அந்தக் கல்லைத் திருப்பி வைக்க முடியுமா?"

நவம்பரில், சப்பக் பக்கம்,
ஒரு ட்ரெய்லர் வீட்டின் பின்னாலிருந்து யாரோ ஓடி வந்தான்,
கையில் கறுப்பாய், நீளமாய்.
உருவினாள். விரல் உள்ளே போய்விட்டது,
போகக் கூடாது என்று தெரிந்த விரல்.
வெற்று நடை. கல்.
கல்லில் இடறிய அந்த அரை நொடியில்
பன்னிரண்டு வயசுப் பையன் என்று தெரிந்தது.
சைக்கிள் பம்ப் என்று தெரிந்தது.
"அம்மா வீட்டில் இல்லைன்னு
அம்மா சொல்லச் சொன்னாங்க" என்றான்.

பிறகு ஏன் தேய்க்கக் கொடுத்தாய் என்றேன்.

"தொடும்போதெல்லாம் அவன் முகம் வந்தது.
வராமல் இருக்கட்டும்னுதான்."
கையுறையைக் கழற்றினாள், மறுபடி போட்டாள்.
"இப்போ வரல."

தேய்த்த இரும்பு திரும்ப வளராது.
புதுத் தண்டு பதினெட்டு டாலர், சொன்னேன்.
அதிலும் நெருடல் இருக்கும்,
ஆனால் அது இருக்கும் இடம் வேறு,
நீ புதிதாய்ப் பழக வேண்டும்.
தலையசைத்தாள்.

மாட்டினேன். ஐந்தரை.
இருநூறு சுட்டேன், இருநூறும் போயின.
ரசீதில் 'செய்த வேலை' என்ற கட்டத்தின் முன்
பேனா கொஞ்சம் நின்றது.
'சோதித்தது, சரி' என்று எழுதினேன்.
வண்டி வரை போனவள்
கண்ணாடியைச் சுரண்டிவிட்டுப் புறப்பட்டாள்,
முன் இருக்கையில் அன்றைய தாள்கள்.

தேய்த்த தண்டு என் மேசையில் கிடக்கிறது.
நான் செய்ததிலேயே நல்ல வேலை அது.
யாருக்கும் மாட்டவில்லை.